கால் முளைக்குமா? கலநீக்கிய இழையங்களும் எங்கள் காயங்களும்

புதுக்குடியிருப்புப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த அண்ணையின் சின்னக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் திரும்புவேன். 2009 ஏப்ரலில் செல் துண்டொன்று அவருடைய வலது தொடையின் முன்பக்கத் தசையில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. கால் தப்பியது. ஆனால் படியேறும்போது இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி வைக்கவேண்டும். அக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இருவரும் ஒரே கிழமையில் காயப்பட்டவர்கள்.

கடைசியாகப் போனபோது அண்ணை தொலைபேசியை என்னிடம் நீட்டினார். கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய காணொளி. பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த ஒரு தூளைப் போட்டு அமெரிக்கர் ஒருவருக்குத் துண்டான விரல் மீண்டும் வளர்ந்துவிட்டது என்று அதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, நீங்கள் படிச்சனீங்கள். இது உண்மையோ? என்ர தொடை வளருமோ? இவாவுக்குக் கால் முளைக்குமோ?”

அக்கா உள்ளே இருந்து சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. இந்த வைத்தியத்தை இந்தியாவில் செய்து தருவதாகச் சொல்லி ஒருவர் வந்து போயிருக்கிறார். மொத்தம் 15 இலட்சம் ரூபாய், அதில் 2 இலட்சம் முற்பணம். அண்ணையிடம் இருப்பது இரண்டு ஏக்கர் வயல் மட்டும்தான். அதை விற்பதைப் பற்றி அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடியதில் தெரிந்தது அவருக்கு மட்டும் உரியதல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

காணொளியில் இருந்த பாதி உண்மை

அந்த விரல் கதை புதியதல்ல. 2005இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒருவருடைய விரல் நுனி விளையாட்டு விமானத்தின் சுழலியில் சிக்கித் துண்டானது. பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து தயாரித்த தூளை அதில் தூவி வந்தார். சில வாரங்களில் நுனி வளர்ந்து நகமும் வந்தது. 2008 அளவில் உலக ஊடகங்கள் இதை மாயத்தூள் என்று கொண்டாடின.

அந்தச் செய்திகளில் பல, இரண்டு விடயங்களுக்கு உரிய இடம் கொடுக்கவில்லை. போனது விரல் அல்ல, அதன் நுனியில் சுமார் ஒரு சென்ரிமீற்றர். விரல் நுனிக்கு, குறிப்பாகப் பிள்ளைகளில், தானாகவே வளரும் தன்மை உண்டு என்று 1970களிலேயே வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். மற்றது, தூளைக் கொடுத்தவர் காயப்பட்டவருடைய சொந்தச் சகோதரர். அந்தத் தூளைத் தயாரிக்கும் நிறுவனத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். தூள் போடாத இன்னொரு விரலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், வளர்ச்சிக்குக் காரணம் தூள்தான் என்று எவராலும் சொல்ல முடியாது.

எனவே கால் முளைக்காது. உலகில் எந்த மனிதருக்கும் இந்த முறையால் காலோ கையோ முளைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தத் தூளுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் பொய்யல்ல. நாற்பது வருடமாக வளர்ந்துவரும் அந்தத் துறையின் சில பகுதிகள் எங்கள் காயங்களுக்கு மிக நெருக்கமானவை.

பீர்க்கங்கூடு

உடல் கலங்களால் ஆனது என்று பாடசாலையில் படித்தோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் கலத்தைச் ‘செல்’ என்று எழுதுவார்கள். எங்களுக்கு அந்தச் சொல் வேறொன்றை ஞாபகப்படுத்தும், ஆகவே கலம் என்றே எழுதுகிறேன். கலங்கள் அந்தரத்தில் மிதப்பதில்லை. அவை தாங்களே பின்னிய ஒரு சட்டகத்துக்குள் குடியிருக்கின்றன. கொலாஜன், இலாஸ்டின் போன்ற புரத நார்களும், நீரைப் பிடித்துவைத்திருக்கும் சில சர்க்கரைச் சேர்மங்களும், வளர்ச்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களும் சேர்ந்ததுதான் அந்தச் சட்டகம். தோல் இழுபடுவதும் எலும்பு இறுகியிருப்பதும் இரத்தக் குழாய் விரிந்து சுருங்குவதும் பெரும்பாலும் இந்தச் சட்டகத்தின் குணங்களே.

முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயை நினைத்துப் பாருங்கள். சதை போய்விடும், விதை உதிர்ந்துவிடும், நார்க்கூடு மட்டும் காயின் வடிவம் கெடாமல் மிஞ்சும். ஒரு விலங்கின் அல்லது இறந்த மனிதரின் இழையத்திலிருந்து கலங்களை எல்லாம் கழுவி எடுத்துவிட்டு, இப்படி நார்க்கூட்டை மட்டும் மிச்சம் வைப்பதைத்தான் கலநீக்கம் என்கிறார்கள்.

கலங்களை ஏன் எடுக்கவேண்டும்? மற்றவருடைய உறுப்பை எங்கள் உடல் எதிர்ப்பது பெரும்பாலும் அதிலுள்ள கலங்களுக்காகத்தான். ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் அது யாருடையது என்று காட்டும் அடையாளங்கள் இருக்கின்றன. விலங்கு என்றால் எதிர்ப்பு இன்னும் கடுமை. கொலாஜன் போன்ற சட்டகப் புரதங்களோ பன்றி, மாடு, மனிதர் என்று இனம் மாறினாலும் பெரிதாக மாறுவதில்லை. கலங்களை நீக்கிவிட்டால் எஞ்சிய சட்டகத்தை உடல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சிறுநீரகம் மாற்றியவர்களைப்போல வாழ்நாள் முழுவதும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எடுக்கத் தேவையில்லை.

கழுவும் முறைகள் பல. இழையத்தை உறையவைத்து உருகவிட்டால் கலங்கள் வெடிக்கும். செறிவான உப்புநீரில் போட்டாலும் உடையும். பிறகு சவர்க்கார வகைகளால் கழுவுவார்கள். அதற்கு அதிகம் பயன்படும் ஓர் இரசாயனம், ஷாம்புவிலும் பற்பசையிலும் நுரைக்காகச் சேர்க்கப்படும் அதே சோடியம் லோரில் சல்பேற்று. எஞ்சிய டி.என்.ஏயை நொதியங்களால் அரித்து, இறுதியில் அமிலத்தாலோ கதிர்வீச்சாலோ கிருமி நீக்குவார்கள். மெதுவாகக் கழுவினால் கலங்கள் மிஞ்சும், கடுமையாகக் கழுவினால் சட்டகமே சிதையும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் இத்தொழிலின் கஷ்டம். ஒரு மில்லிகிராம் உலர்ந்த இழையத்தில் 50 நனோகிராமுக்கும் குறைவாகவே டி.என்.ஏ இருக்கவேண்டும் என்ற அளவுகோலை 2011இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். இன்றும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள்.

நாயின் நெஞ்சில் பன்றியின் குடல்

இதன் தொடக்கம் ஒரு தற்செயல். 1987இல் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பேடிலாக் என்ற ஆய்வாளர், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடிக்கு மாற்றுக் குழாய் தேடிக்கொண்டிருந்தார். குடலும் ஒரு குழாய்தானே என்று அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஒரு நாய்க்குப் பொருத்தினார். நாய் இறந்துவிடும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அது பிழைத்து வருடக்கணக்கில் வாழ்ந்தது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் பன்றியின் குடலையும் பயன்படுத்தினார். சில மாதங்களின் பின் திறந்து பார்த்தபோது, வைத்த குடலைக் காணவில்லை. அந்த இடத்தில் இரத்தக் குழாயைப்போன்ற இழையம் உருவாகியிருந்தது.

அதுவரை வைத்தியர்கள் நினைத்திருந்தது, உடலுக்குள் வைக்கும் பொருள் எவ்வளவு காலம் மாறாமல் நிற்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று. பேடிலாக் கண்டது இதற்கு எதிர். சட்டகம் மெல்ல மெல்லக் கரையவேண்டும். கரையும்போது அதிலிருந்து உடையும் சிறு புரதத் துண்டுகள் சமிக்ஞைகளாகின்றன. காயத்துக்கு வரும் எதிர்ப்புக் கலங்களில் ஒரு வகை அழற்சியைத் தூண்டி அழிக்கும், இன்னொரு வகை சீர்செய்யும். இந்தச் சமிக்ஞைகள் அவற்றைச் சீர்செய்யும் பக்கம் திருப்புகின்றன, உடலின் மூலவுயிர்க் கலங்களையும் அந்த இடத்துக்கு அழைக்கின்றன. பழைய சட்டகம் மறைய மறைய உடல் தன்னுடைய சொந்தச் சட்டகத்தைப் பின்னுகிறது.

சரியாகக் கழுவாவிட்டால் இது நடக்காது. பன்றிக் குடலிலிருந்து தயாரித்த ஒரு ஒட்டு, தோள்மூட்டுத் தசைநார் கிழிந்தவர்களுக்கு வைக்கப்பட்டது. சிலருக்கு கிருமித் தொற்று எதுவும் இல்லாமலே தோள் வீங்கிச் சிவந்தது. 2005இல் ஆய்வாளர்கள் அந்த ஒட்டைப் பரிசோதித்தபோது பன்றியின் டி.என்.ஏயும் கல எச்சங்களும் அதில் இருந்தன. கலநீக்கியது என்று பொதியில் எழுதியிருப்பது மட்டும் போதாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அண்ணையின் தொடை

சின்னத் தசைக் காயத்தைத் தசை தானே ஆற்றும். ஒரு பெருந்துண்டு அப்படியே போய்விட்டால் ஆற்றாது, அந்த இடத்தில் தழும்பு மட்டும் வளரும். தழும்பு சுருங்கி விரிவதில்லை. செல்லும் கண்ணிவெடியும் உண்டாக்கும் காயங்களில் இது மிகப் பொதுவானது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமடைந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் இதே பிரச்சினை வந்தபோது, அந்நாட்டின் பாதுகாப்புத் துறை இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேடிலாக்கின் குழு, காயப்பட்டு ஆறு மாதமாவது கடந்தவர்களைத் தேர்ந்தெடுத்தது. முதலில் அவர்களுக்குக் கடுமையான உடற்பயிற்சி வைத்தியம். பயிற்சியால் இனி முன்னேற்றம் வராது என்ற கட்டம் வந்த பின்னரே சத்திரசிகிச்சை. தழும்பை வெட்டி அகற்றி, எஞ்சியிருக்கும் நல்ல தசையோடு சேர்த்துப் பன்றிச் சட்டகத்தைத் தைத்தார்கள். ஓரிரு நாட்களுக்குள் மீண்டும் பயிற்சி தொடங்கியது. புதிதாக வரும் கலங்களுக்குத் தாங்கள் தசையாக வேண்டும் என்று சொல்வது அசைவும் இழுவையும்தான். படுக்கையில் கிடந்தால் அது மறுபடியும் தழும்பாகிவிடும்.

2014இல் முதல் 5 பேரின் முடிவுகள் வெளியாயின. அவர்களில் 3 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 2016இல் 13 பேரின் முடிவுகள் வந்தன. ஆறு மாதத்தில் சராசரியாகப் பலம் 37.3 வீதமும், அசைவு சார்ந்த செயல்கள் 27.1 வீதமும் கூடியிருந்தன. கதிரையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழும்ப முடியாத ஒருவருக்கு இது சின்ன விடயமல்ல.

இருந்தாலும் 13 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. சிகிச்சை பெறாத இன்னொரு குழுவோடு அவர்களை ஒப்பிடவும் இல்லை. புதிதாக உருவானதில் தசை அங்கங்கே சிறு தீவுகளாகத்தான் இருந்தது. முன்னேற்றத்தில் எவ்வளவு புதிய தசையால் வந்தது, எவ்வளவு பழைய தழும்பை அகற்றியதால் வந்தது என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிடுகிறார்கள். விலங்குகளில் செய்த சில பரிசோதனைகளில் தசை மிகக் குறைவாகவே வளர்ந்தது. அருகில் நல்ல தசை இல்லாவிட்டால், அதற்குப் போகும் நரம்பு செத்திருந்தால், சட்டகம் வைத்துப் பயனில்லை.

நரம்புக்கும் ஒரு வழி இருக்கிறது. இறந்தவர்கள் தானம் செய்த நரம்பைக் கலநீக்கி, அறுந்த நரம்பின் இரு முனைகளுக்கும் நடுவில் பாலமாகத் தைப்பார்கள். அதன் நுண்ணிய குழாய்களுக்குள்ளால் புதிய நரம்பிழைகள் மெதுவாக வளர்ந்து மறுபக்கம் போகும். 7 சென்ரிமீற்றர் வரையான இடைவெளிகளுக்கு இது பயன்பட்டிருக்கிறது. ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. நரம்பு இல்லாமல் நீண்ட காலம் கிடந்த தசை, பிறகு நரம்பு வந்தாலும் உயிர்ப்பதில்லை. 2009இன் காயங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

வெட்டாமல் தப்பியிருக்கக்கூடிய கால்கள்

இந்தக் கட்டுரையில் எழுதக் கடினமாக இருந்த பகுதி இது.

அக்காவின் கால் செல் பட்ட இடத்தில் துண்டாகவில்லை. நாடி அறுந்திருந்தது. புதுமாத்தளன் பாடசாலையில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க அரை நாளுக்கு மேல் ஆனது. கால் குளிர்ந்து கறுத்திருந்தது. இரத்தம் போகாத கால் சுமார் ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு தசையை இழக்கத் தொடங்கும். உயிரைக் காப்பாற்ற, காலை எடுப்பதைத் தவிர அங்கிருந்த வைத்தியர்களுக்கு வேறு வழியில்லை.

அமைதியான நாட்டில் இப்படி ஒரு காயம் வந்தால், வைத்தியர்கள் நோயாளியின் மற்றக் காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து அறுந்த நாடிக்குப் பதிலாகத் தைப்பார்கள். அதை எடுக்க நேரம் வேண்டும். இரண்டு காலும் சிதைந்தவருக்கு எடுக்க நாளமும் இருக்காது. பிளாஸ்ரிக் குழாய் வைக்கலாம், ஆனால் மண்ணும் இரும்பும் புகுந்த காயத்தில் அது எளிதில் தொற்றுப் பிடிக்கும்.

இந்த இடத்துக்குத்தான் அமெரிக்காவில் லோரா நிக்லசன் என்ற வைத்தியர் தொடங்கிய ஹியூமசைட் நிறுவனம் ஒரு குழாயை உருவாக்கியது. தானம் செய்யப்பட்ட மனித இரத்தக் குழாயின் தசைக் கலங்களை, கரையும் நாரினால் ஆன குழாய் அச்சில் விதைத்து, ஆய்வுகூடத்தில் சுமார் இரண்டு மாதம் வளர்க்கிறார்கள். கலங்கள் தங்களைச் சுற்றிச் சட்டகத்தைப் பின்னுகின்றன, அச்சு கரைந்துபோகிறது. பிறகு கலங்களைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். 42 சென்ரிமீற்றர் நீளமும் 6 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட குழாய் மிஞ்சுகிறது. கலம் இல்லாததால் யாருக்கும் வைக்கலாம். வைத்தியசாலையில் முன்கூட்டியே வாங்கிச் சேமித்துவைத்து, காயப்பட்டவர் வந்தவுடன் எடுத்துத் தைக்கலாம்.

2022இல் உக்ரேன் போர் தொடங்கியபின், அங்குள்ள சில வைத்தியசாலைகளுக்கு இந்தக் குழாய்கள் மனிதாபிமான உதவியாகக் கொடுக்கப்பட்டன. சிகிச்சை பெற்ற சிறு குழுவின் முடிவுகள் 2024இல் மருத்துவ இதழொன்றில் வந்தன. 30ஆம் நாள் பார்த்தபோது 93.8 வீதமானோரின் குழாயில் இரத்தம் தடையின்றி ஓடியது. எவருடைய காலையும் கையையும் வெட்டவேண்டி வரவில்லை. 2024 டிசெம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சொந்த நாளத்தைப் பயன்படுத்த முடியாத அவசரக் காயங்களுக்கு மட்டும் இதற்கு அனுமதி வழங்கியது. தைத்த இடம் வெடித்து இரத்தம் கசியலாம், குழாய்க்குள் இரத்தம் உறையலாம் என்ற கடுமையான எச்சரிக்கையையும் சேர்த்தே வழங்கியது. அறிமுக விலை ஒன்றுக்கு 29,500 டொலராக இருந்தது.

இதை வாசித்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு ஒன்று புரிந்தது. 2009இல் இந்தக் குழாய் இருந்திருந்தாலும் அது புதுமாத்தளனுக்கு வந்திருக்காது. மயக்க மருந்தும் இரத்தமும் காயத்துணியுமே போதாமல் இருந்த இடம் அது. அக்காவின் காலைக் கொண்டுபோனது அறிவியலின் போதாமை அல்ல. உக்ரேனில் அந்தக் கால்கள் தப்பியதற்குக் குழாய் ஒரு காரணம், காயப்பட்டவர் வைத்தியசாலைக்குப் போய்ச்சேர வழி திறந்திருந்தது இன்னொரு காரணம்.

மீன்தோலும் ஆறாத புண்ணும்

இன்று எங்கள் பிரதேசத்தில் கால்களை எடுப்பது செல் அல்ல, சீனி வருத்தம். நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் ஒரு சின்னப் புண் வரும். அது ஆறாமல் ஆழமாகி எலும்புவரை போகும். போரில் ஒரு காலை இழந்தவர் மற்றக் காலை நீரிழிவுக்கு இழப்பதை நான் கண்டிருக்கிறேன். கலநீக்கிய இழையங்களுக்கு இதுவரை கிடைத்திருக்கும் நல்ல ஆதாரங்களில் சில இந்தப் புண்கள் விடயத்தில்தான் இருக்கின்றன.

ஐஸ்லாந்தின் வடமேற்கில் இசாஃபியோர்தூர் என்றொரு மீன்பிடி நகரம் இருக்கிறது. அங்கே தொடங்கிய கெரெசிஸ் நிறுவனம், கொட் மீனின் தோலைக் கலநீக்கிக் காயத்தில் வைக்கும் தாளாக்கியது. 2013இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பன்றி, மாட்டு இழையங்களில் மனிதருக்குத் தொற்றக்கூடிய வைரசுகள் இருக்கலாம் என்பதால் அவற்றைக் கடுமையாகக் கழுவவேண்டும். குளிர்கடல் மீனில் அந்தப் பயம் குறைவு. மென்மையாகக் கழுவினாலே போதும் என்பதால் சட்டகமும் மீனின் கொழுப்பமிலங்களும் பெருமளவு அப்படியே இருக்கும். ஐரோப்பாவில் ஆழமான நீரிழிவுப் பாதப் புண் உள்ள 255 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. 16 வாரத்தில், மீன்தோல் வைத்தவர்களில் 44 வீதமானோருக்குப் புண் ஆறியிருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 26 வீதம்.

பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் தீக்காயங்களுக்குத் திலாப்பியா மீனின் தோலைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் குளங்களில் நிறைந்திருக்கும் அதே திலாப்பியாதான். ஆனால் அது பல கட்டங்களாகக் கிருமி நீக்கிப் பதப்படுத்திய தோல். தயவுசெய்து எவரும் வீட்டில் மீன் உரித்துப் புண்ணில் வைக்கவேண்டாம். பச்சை மீன்தோலில் உள்ள கிருமிகள் நீரிழிவுக் காலுக்கு யமன்.

நம்பிக்கையை விற்பவர்கள்

2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லரின் குழு, ஒரு எலியின் இதயத்தைக் கலநீக்கி வெள்ளை வெளேரென்ற கூடாக்கி, அதற்குள் புதிய இதயக் கலங்களை விதைத்தது. எட்டு நாட்களில் அது மெல்லத் துடித்தது. அந்தப் படம் உலகமெங்கும் போனது. துடித்த பலமோ வளர்ந்த எலி இதயத்தின் பலத்தில் சுமார் 2 வீதம்தான். இன்றுவரை எந்த மனிதருக்கும் இப்படி ஓர் இதயம் பொருத்தப்படவில்லை.

இந்த இடைவெளியில் ஆபத்தானவர்கள் நுழைவார்கள். பாவ்லோ மக்கியரினி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கலநீக்கிய மூச்சுக்குழாய் பொருத்தியதாக 2008இல் உலகப் புகழ் பெற்றார். பிறகு சுவீடனில் பிளாஸ்ரிக் மூச்சுக்குழாய்களில் நோயாளிகளின் மூலவுயிர்க் கலங்களை விதைத்துப் பொருத்தினார். விலங்குகளில் போதுமான பரிசோதனை இல்லாமலே அது நடந்தது. அங்கு அவர் சத்திரசிகிச்சை செய்த மூவரும் இறந்துபோனார்கள். 2023இல் சுவீடனின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறைத்தண்டனை விதித்தது. உலகின் மிக மதிக்கப்பட்ட மருத்துவ நிறுவனமொன்றிலேயே இப்படி நடக்க முடியுமென்றால், புதுக்குடியிருப்புக் கடைக்கு வந்து முற்பணம் கேட்பவரிடம் நாங்கள் எவ்வளவு கேள்வி கேட்கவேண்டும்?

கேட்கவேண்டியவை இவைதான். வைக்கப்போவது என்ன பொருள், எந்த விலங்கின் அல்லது மனிதரின் எந்த இழையம்? அது அனுமதி பெற்ற சிகிச்சையா, பரிசோதனையா? பரிசோதனை என்றால் நோயாளியிடம் ஏன் பணம் கேட்கிறார்கள்? என்னுடையதைப்போன்ற காயத்தில், இவ்வளவு காலம் கடந்த பிறகு, எத்தனை பேருக்குச் செய்து எத்தனை பேருக்குப் பலன் வந்தது? அது எந்த மருத்துவ இதழில் வந்திருக்கிறது? சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சி வைத்தியம் யார் தருவார்கள்? புண் பழுதானால் யார் பொறுப்பு? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவருக்குப் பணம் கொடுக்கக்கூடாது.

எந்த விலங்கு என்ற கேள்வி விஞ்ஞானத்துக்கு மட்டும் உரியதல்ல. பன்றியின் இழையம் ஒரு முஸ்லிம் சகோதரருக்கும், மாட்டின் இழையம் ஒரு சைவருக்கும் மனச்சங்கடம் தரலாம். உயிருக்கு வேறு வழியில்லாதபோது ஏற்கலாம் என்று பல மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் நோயாளியின் முடிவு. ஆனால் முன்கூட்டியே சொல்லப்படுவது அவருடைய உரிமை.

எங்கள் நாட்டில் இருப்பது

இந்தப் பாதையில் இலங்கை ஒன்றுமில்லாத நாடல்ல. ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த கண்தான சங்கம், இந்தத் தீவிலிருந்து உலகின் பல நாடுகளுக்குக் கண் விழிவெண்படலங்களை அனுப்பியிருக்கிறது. அதே சங்கத்தின் கீழ், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியுடன், 1996இல் கொழும்பில் மனித இழைய வங்கி தொடங்கப்பட்டது. தானமாகக் கிடைக்கும் எலும்பு, தோல், பனிக்குடச் சவ்வு ஆகியவற்றை அங்கே காமாக் கதிர்களால் கிருமி நீக்கிப் பாதுகாக்கிறார்கள்.

பனிக்குடச் சவ்வு என்பது கருப்பையில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை. பிரசவத்தின் பின் வெறுமனே வீசப்படுவது. 1910இலேயே அமெரிக்காவில் அதைத் தோல் காயங்களுக்குப் பயன்படுத்தினார்கள். இன்று தீக்காயத்துக்கும் கண் காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் போடுகிறார்கள். அதில் உள்ள கலங்களை எப்போதும் முழுமையாகக் கழுவுவதில்லை. ஆனாலும் வேலை செய்யும் தத்துவம் பெருமளவு ஒன்றே: ஒரு சட்டகத்தைக் கொடு, மிச்சத்தை உடல் செய்யட்டும். விலை கூடிய அந்தக் குழாய் எங்களுக்கு வர எத்தனை வருடமாகுமோ, ஆனால் ஒரு தாய் மனமுவந்து கொடுத்தால் கிடைக்கும் சவ்வுக்கு அந்த விலை இல்லை. ஆறாத பாதப் புண்ணோ, பொய்க்கால் உரசி வெடித்த தண்டுப் புண்ணோ உள்ளவர்கள் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் இதைப் பற்றித் துணிந்து கேட்கலாம். தானம் பற்றியும் எங்கள் ஊர்களில் பேசத் தொடங்கவேண்டும்.

போன மாதம் மறுபடியும் புதுக்குடியிருப்புக்குப் போனேன். தேடியதை எல்லாம் அண்ணைக்கும் அக்காவுக்கும் சொன்னேன். கால் முளைக்காது என்றதும் அக்கா, “எனக்கு அது தெரியும் பிள்ளை, இவருக்குத்தான்” என்றார். பொய்க்காலின் குழி இறுகிப் புண் வருவதாகவும், ஆறு மாதமாக அதை மாற்றப் போகவில்லை என்றும் பிறகு சொன்னார். போய்வர ஒரு நாள் கடையை மூடவேண்டுமாம். அடுத்த செவ்வாய்க்கிழமை மூடுவது என்று அங்கேயே முடிவானது.

அண்ணைக்கு நான் சொன்னது, பிட்ஸ்பர்க்கில் அந்த 13 பேரும் சத்திரசிகிச்சைக்கு முன்பு செய்ததை, அதாவது பயிற்சியை, அவர் இங்கேயே செய்து பார்க்கலாம் என்பது. 2009க்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட உடற்பயிற்சி வைத்தியரிடம் போனதில்லை. எஞ்சியிருக்கும் தசையில் எவ்வளவு பலம் ஒளிந்திருக்கிறது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. மாவட்ட வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை.

“அப்ப வயலை விக்கத் தேவையில்லை எண்டுறீங்கள்?”

“இப்ப தேவையில்லை அண்ணை.”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முற்பணம் கேட்டவருடைய இலக்கத்தை எடுத்து, நான் எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக அவருக்கு அனுப்பத் தொடங்கினார். நான் தேநீர் குடித்து முடிக்கும்வரை ஒரு பதிலும் வரவில்லை.